ஒரு ஃபுட்டிங்கைப் பிடித்துக்கொண்டு சிவில் படிப்பது எப்படி

ஒவ்வொரு மே மாதமும் கல்லூரிகளில் இருந்து இரண்டு மூன்று பேர் எங்கள் சைட்டுக்குப் பயிற்சிக்கு வருவார்கள். ஹெல்மெட் போட்டு நாலு போட்டோ எடுத்து முடித்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், சாயில் மெக்கானிக்ஸ் ஒரு செமஸ்டர், கான்கிரீட் ஒரு செமஸ்டர், எஸ்டிமேஷன் ஒரு செமஸ்டர்னு எல்லாம் முடிச்சிட்டோம். ஆனா ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் என்ன சம்பந்தம்னுதான் புரியல."

அவர்களை ஒரு ஃபுட்டிங், அதாவது பில்லரின் அடித்தளம், போடும் குழிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்துவேன். "இந்த ஒரு பில்லரை மட்டும் பிடிச்சுக்கோ. மண்ணைப் பார்க்கிற நாள்ல இருந்து கடைசி பில் பாஸாகிற நாள் வரைக்கும் இதுக்கு நடக்கிறதெல்லாம் ஒரு நோட்ல எழுது. மத்த பில்லரை மறந்துடு." அந்த நோட்டை எழுதும் விதத்தைத்தான் இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு எங்கள் பக்கத்துக் கோவில்பட்டி கரிசலில் 12 பில்லர் வைத்த ஒரு மாடி வீடு. நீங்கள் தஞ்சாவூர்க்காரர் என்றால் உங்கள் வண்டலை வைத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதலில் மண்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் செய்த தப்பில் இருந்தே தொடங்குகிறேன். நல்ல கோடை. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய ஆட்கள் ஒரு மீட்டர் ஆழத்தில் கடப்பாரையைப் போட, 'டங்' என்று திரும்பியது. கெட்டி மண் வந்துவிட்டது என்று நானே எழுதி, பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போடச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அது வெறும் காம்பவுண்டு சுவர். ஐப்பசி மழை விட்டபின் போய்ப் பார்த்தால் சுவர் பாம்பு மாதிரி நெளிந்து நின்றது. வெடிப்பில் கட்டைவிரல் நுழைந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரப் பெரியவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "கோடையில கரிசல் கல்லு மாதிரித்தான் இருக்கும் தம்பி. வெடிப்புல கம்ப விட்டுப் பாத்தீகளா?" என்றார்.

கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போது, அந்த வெடிப்பில் கம்பு எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அதுவரைக்குமாவது மண் காய்ந்து சுருங்கியிருக்கிறது, மழையில் அத்தனையும் உப்பும் என்பது அவர் கணக்கு. பாடத்தில் இதையே ஈரம் கூடிக் குறையும் ஆழம் என்பார்கள். நம் நாட்டுக் கரிசலுக்கு ஏறத்தாழ 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த அண்டர்ரீம்டு பைல் என்ற தூண் அஸ்திவாரம் இந்தத் தொல்லைக்காகத்தான் வந்தது. அடியில் தண்டைப் போல ஏறத்தாழ 2.5 மடங்கு அகலத்துக்கு ஒரு குமிழ் விரித்து, ஈரம் மாறாத ஆழத்தில் நங்கூரம் போல நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது: தேதி, கடைசியாக மழை பெய்தது எப்போது, குழியில் தண்ணீர் ஊறுகிறதா. மண்ணின் நிறமும் பெயரும் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது வேலை ஒரு சோதனை. லேபில் ஒரு ஜன்னல் திண்டு இருந்தால் போதும். அடுப்பில் உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண், 10 கிராம் வீதம் இரண்டு பங்கு. இரண்டு 100 மி.லி. அளவு ஜாடிகள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணைப் போட்டு, காற்றுக்குமிழ் போகக் கலக்கிவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். மண்ணெண்ணெயில் கரிசல் உப்பாது, அடியில் சும்மா படியும். தண்ணீர் ஜாடியில் இட்லி மாவு பொங்கிய மாதிரி ஏறி நிற்கும். மண்ணெண்ணெயில் 10, தண்ணீரில் 19 என்று வந்தால், வித்தியாசம் 9. அதை மண்ணெண்ணெய் ஜாடியின் 10-ஆல் வகுத்தால் 90 சதவீதம். ஐ.எஸ் (இந்தியத் தரநிலை) 2720-இன் 40-ஆம் பகுதி சொல்வது இவ்வளவுதான். 50-ஐத் தாண்டிய மண்ணைக் கரை நிரப்பக்கூட மத்தியச் சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்பு ஏற்பதில்லை. இந்தச் சோதனையைத் தன் கையால் ஒருமுறை செய்தவருக்கு கரிசலை உப்ப வைக்கும் 'மாண்ட்மோரில்லோனைட்' என்ற கனிமத்தின் பெயர் பரீட்சைக்குப் பிறகும் மறக்காது.

மண் சோதனைக்குப் போர் போடும் இடத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். எஸ்.பி.டி. (குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கி மண்ணின் உறுதியைப் பார்க்கும் சோதனை) என்றால் 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்தில் இருந்து விழ வேண்டும். கம்பியில் சாக்பீஸால் 15 செ.மீ. வீதம் மூன்று கோடு போட்டிருப்பார்கள். முதல் 15-க்கு விழுந்த அடிகளை எழுதுவோம், ஆனால் கணக்கில் சேர்க்க மாட்டோம். அடுத்த 30-க்கு விழுந்த அடிகள்தான் 'N' மதிப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது கயிறு இழுப்பவரின் கையை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கை தளர்ந்து சுத்தியல் 60 செ.மீ.-இல் இருந்தே விழத் தொடங்கும். அடி வலுக் குறைந்தால் அதிக அடி தேவைப்படும். 'N' மதிப்பு கூடும். மண் இருப்பதை விடப் பலசாலியாகக் காகிதத்தில் ஏறும். அறிக்கையில் இது எதுவும் தெரியாது.

அப்புறம் தண்ணீர். மண் இயக்கவியலுக்கு அடிப்படை போட்ட கார்ல் டெர்சாகி 1920-களில் கண்டுசொன்னது இதுதான்: மண்ணின் பலம் மொத்தப் பாரத்தில் இல்லை, துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்தும் பங்கில் இருக்கிறது. ஒரு கனமீட்டர் ஈர மண் 18 கிலோநியூட்டன் என்றால் 2 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 36. நீர்மட்டம் தரை வரை ஏறியிருந்தால் அதில் 19.6-ஐத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். துகள்களுக்கு மிஞ்சுவது 16.4, பாதிக்கும் குறைவு. அதே குழி, கோடையில் ஒரு கணக்கு, கார்த்திகையில் வேறு கணக்கு.

மண் எப்படிக் கான்கிரீட் ஆகிறது

நம் குழியில் 1.5 மீட்டர் வரை கரிசல், அதற்குக் கீழே நல்ல சரள் என்று வைத்துக்கொள்வோம். கரிசலைத் தாண்டிச் சரளில் உட்கார வைப்பதுதான் புத்தி. பில்லரில் வரும் பாரம் 400 கிலோநியூட்டன். ஃபுட்டிங்கின் சொந்த எடைக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 440. மண் தாங்கும் திறன் சதுர மீட்டருக்கு 150 என்றால் தேவை 2.93 சதுர மீட்டர். 1.75-க்கு 1.75 வைத்தால் சரியாகப் போகும். கயிறு இழுத்தவரின் கை தளராமல், அறிக்கையில் 150-க்குப் பதில் 100 என்றே வந்திருந்தால் 2.1-க்கு 2.1 வேண்டும். 45 செ.மீ. கனத்தில் ஒரு ஃபுட்டிங்குக்கு 1.38 கனமீட்டர் 1.98 ஆகிறது; 12 ஃபுட்டிங்குக்கு 7 கனமீட்டருக்கு மேல் கூடுதல் கான்கிரீட். கயிறு இழுத்தவரின் கை தளர்ந்தது யார் பணத்தில் போய் முடிகிறது என்று இப்போது பாருங்கள். பெரிதாகப் போட்டால் வீட்டுக்காரர் பணம், சிறிதாகப் போட்டால் அவர் சுவர்.

கம்பிக் கணக்கு சின்னதுதான். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 0.888 கிலோ. ஃபுட்டிங்குக்கு ஐ.எஸ் 456 சொல்லும் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், குறைந்தது 50 மி.மீ., ஆகவே கம்பி நீளம் 1.65 மீட்டர். 150 மி.மீ. இடைவெளியில் ஒரு பக்கம் 12, இரண்டு பக்கமும் 24. வளைவு சேர்க்காமல் சுமார் 35 கிலோ. கணக்கைப் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கி, கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கை எண்ணுங்கள். கவர் பிளாக் தீர்ந்துபோன இடத்தில் மேஸ்திரி ஜல்லித் துண்டை வைத்து முட்டுக்கொடுத்திருப்பார். ஏறி நடந்ததும் அது சரிந்து கம்பி பி.சி.சி.யில் படுத்துவிடும்.

கான்கிரீட்டில் நான் பார்க்கச் சொல்வது தண்ணீரை மட்டும்தான். எம்20 தரக் கான்கிரீட்டின் நாமினல் மிக்ஸுக்கு (வழக்கமான விகிதக் கலவை) 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர். ஆனால் எம்-சாண்டில் ஏற்கெனவே ஈரம் இருக்கும், அதைக் கழிக்க வேண்டும். கொட்டும் ஆட்களுக்கு இளகலாக இருந்தால் வேலை ஓடும். "கொஞ்சம் தண்ணி காட்டுங்க சார்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் வரும். பலம் பார்க்கும் சோதனைக் கட்டியான கியூப் எடுத்த பிறகு ஊற்றிய தண்ணீர் கியூபுக்குத் தெரியாது, அதனால் கியூப் எடுக்கும் நேரத்தையும் நோட்டில் குறியுங்கள். நம் 12 ஃபுட்டிங்கும் சேர்ந்து 16.5 கனமீட்டர். ஒரே நாளில் போட்டால் 3 மாதிரி, மாதிரிக்கு 3 கியூப் வீதம் 28 நாள் சோதனைக்கு மட்டும் 9 கியூப். 150 மி.மீ. கியூப் 450 கிலோநியூட்டனில் நொறுங்கினால் பலம் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன், எம்20-இல் உள்ள 20 அதுதான். எல்லாக் கியூபும் ஒன்றுபோல வராது என்பதால்தான் மிக்ஸ் டிசைனில் 20-க்கு மேலேயே இலக்கு வைக்கிறோம்.

குழியை மூடும்போது தோண்டிய கரிசலையே திரும்பத் தள்ளாதீர்கள், சரள் மண் போட்டு 20 செ.மீ.க்கு ஒரு அடுக்காகக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்த மண்ணின் அடர்த்தியைப் பார்க்கும் சாண்ட் ரீப்ளேஸ்மென்ட் சோதனை லேபில் செய்ததுதான், இங்கேயும் அதேதான்.

எம்-புக்

எம்-புக், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், மாணவர்கள் தூங்கும் பாடம். சைட்டில் சண்டை வருவது இதில்தான்.

முதலில் நம் குழியை அளப்போம். ஃபுட்டிங் 1.75, பி.சி.சி. நாலு பக்கமும் 10 செ.மீ. வெளியே நீட்டுவதால் 1.95. ஆழம் 1.8. கன அளவு 6.84 கனமீட்டர். ஆனால் எம்-புக்கில் ஒரே வரியாக எழுத முடியாது. ஐ.எஸ் 1200 முறைப்படி மண் வேலை 1.5 மீட்டருக்கு ஒரு லிஃப்ட் (ஆழப் படி). முதல் 1.5 மீட்டரில் 5.70, அடுத்த 0.3 மீட்டரில் 1.14, இரண்டுக்கும் ரேட் வேறு. லாரியில் ஏற்றிய மண்ணை அளந்து பில் கேட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள், தோண்டிய மண் உப்பிவிடும். அளப்பது குழியைத்தான். ஆட்கள் நின்று வேலை செய்ய நாலு பக்கமும் கூடுதலாக வெட்டுவதற்குப் பணம் உண்டா இல்லையா என்பதை அந்த ஒப்பந்தம்தான் சொல்லும், அனுபவம் சொல்லாது.

டெண்டரில் ஐட்டம் விவரத்தைக் கடைசி வார்த்தை வரை படியுங்கள். 'எல்லா வகை மண்ணிலும்', 'நீர் இறைத்தல் உட்பட', 'பக்கத் தாங்கல் உட்பட' என்று வாக்கியத்தின் வாலில்தான் பணம் ஒளிந்திருக்கும். 'நீர் இறைத்தல் உட்பட' என்று எழுதியிருந்தால், ஐப்பசியில் மூன்று நாள் மோட்டார் ஓடிய டீசல் காண்ட்ராக்டர் தலையில்.

எனக்கு விழுந்த அடியைச் சொல்கிறேன். அப்போது நான் காண்ட்ராக்டர் பக்கம். ஐந்து குழிகளில் அடி மண் இளகிக் கிடந்தது. பார்வைக்கு வந்த பொறியாளர், "இன்னும் 40 சென்டி எடுத்துட்டு பி.சி.சி. போட்டு ஏத்திடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். போட்டோம். குழிக்கு 1.52, ஐந்துக்கும் சேர்த்து 7.6 கனமீட்டர். பில்லில் கேட்டபோது ஒரு கேள்விதான் வந்தது: "மூடுறதுக்கு முன்னாடி லெவல் எங்க?" என்னிடம் இல்லை. சொன்னவர் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த 7.6 கனமீட்டர் இன்னும் பூமிக்குள் இருக்கிறது, பணம் வரவில்லை.

அன்று நோட்டில் எழுதியிருக்க வேண்டியது நாலே வரி. பெஞ்ச்மார்க், அதாவது அசையாத இடத்தில் போட்ட ஒப்பீட்டு மட்டம், 100.000. அதன் மேல் ஸ்டாஃப் என்ற அளவுகோல் 1.255, கருவி உயரம் 101.255. முதல் அடி மட்டத்தில் ஸ்டாஃப் 3.055, மட்டம் 98.200. கூடுதலாக எடுத்தபின் 3.455, மட்டம் 97.800. இதன் கீழே இரு தரப்பும் அன்றைக்கே கையெழுத்து. கூடவே அன்று மாலையே ஒரு கடிதம்: இன்ன தேதியில் நீங்கள் வாய்மொழியாகச் சொன்னபடி இன்ன வேலை செய்கிறோம், உறுதிப்படுத்தவும். மண்ணுக்குள் போகும் எதையும் மூடுவதற்கு முன் அளந்துவிட வேண்டும், அதற்கு மேல் எம்-புக்கில் பெரிய சூட்சுமம் இல்லை.

மழை நாட்களையும் இதே நோட்டில் குறித்து வையுங்கள். தாமதத்துக்கு அபராதம் போடும் பிரிவு பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிவிட்டதாலேயே முழுத்தொகையும் தானாக வந்துவிடாது. ஆனால் தாமதம் யாரால் என்று காட்ட உங்கள் கையில் தேதி வேண்டும். அரசு வேலைக்குப் போகிறவர்கள் 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள், பெரிய சட்டம் இல்லை.

கடைசிப் பக்கம், வேலை முடிந்து குறைபாட்டுக் காலம் (குறை வந்தால் காண்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய காலம்) ஓடும்போது. பிடித்துவைத்த பணம் திரும்பும் முன், ஒரு மழைக்காலம் கழித்துப் போய் உங்கள் பில்லரில் போட்ட குறியின் லெவலை மறுபடி எடுங்கள். குழைவான களிமண்ணில் தனி ஃபுட்டிங் மேல் நிற்கும் ஆர்.சி.சி. கட்டடம் 75 மி.மீ. வரை இறங்கலாம் என்று ஐ.எஸ் 1904 விட்டுக்கொடுக்கிறது, ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பில்லர்களுக்குள் வித்தியாசம் வந்தால்தான் சுவர் பேசும்.

இரண்டு வருடத்துக்கு முன் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், சொன்னபடியே கார்த்திகையில் போய் லெவல் எடுத்துவிட்டுப் பதறிப்போய் போன் செய்தாள். "சார், பில்லர் 8 மில்லி இறங்கிடுச்சு."

"ஒரு பில்லரா?"

"இல்ல சார், செக் பண்ணினேன். 12-ம் ஒரே மாதிரி 8 மில்லி."

"பெஞ்ச்மார்க் எங்கம்மா போட்ட?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "காம்பவுண்டு சுவர்ல சார்," என்றாள்.