பேக்கப்புக்கு எந்த ஹார்ட் டிஸ்க்?

லேப்டாப்பில் 512 ஜிபி இருக்கிறதென்றால் பேக்கப்புக்கும் அதே அளவு போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பேக்கப் மென்பொருள் ஒரே ஃபைலின் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும். அதனால் இரண்டு மடங்காவது, அதாவது 1 டிபி வாங்குங்கள். செருகியதும் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். பையில் போட்டுக்கொண்டு அலைபவர்களுக்கு அதுதான் சரி. மேசையை விட்டு நகராத பேக்கப்புக்கு சாதாரண ஹார்ட் டிஸ்க்கே போதும் என்பேன். அதே காசுக்கு இடமும் கூடுதலாகக் கிடைக்கும். ஓடும்போது மட்டும் தட்டிவிடாதீர்கள். 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி ஒயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

லேப்டாப்பில் டைப்-சி மட்டும்தான் என்றால் அதற்கேற்ற ஒயர் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் முதல் பேக்கப் முடிவதற்குள் விடிந்துவிடும்.

மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் சேமிப்பு முறையில் இருக்கும் டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. முதலிலேயே மேக்குக்கு ஏற்ற முறையில் ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

பேக்கப் முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் லேப்டாப்போடு அதையும் பூட்டிவிடும்.