300 மீட்டரில் சிதறிய குண்டுகள்: கோளாறு ஸ்கோப்பில்

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய ரைஃபிளில், 100 மீட்டரில் ஒரே துளையாக விழும் குண்டுகள் 300-இல் பக்கவாட்டில் பரவினால், தோட்டாவை மாற்றுவதற்கு முன் பாராலாக்ஸைப் பாருங்கள்; கண் நகரும்போது ஸ்கோப்பின் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரியும் பிழை அது. எனக்கு அதில்தான் தீர்ந்தது. 50 மி.மீ. முகப்பு லென்ஸ் உள்ள ஸ்கோப்பில் பாராலாக்ஸை 100 மீட்டருக்குச் சரிசெய்து வைத்து 300-இல் சுட்டால், கண் ஓரத்துக்கு நகரும்போது குறி 50 மி.மீ. வரை தப்பும். குண்டுகள் ஒன்றாக விழும் குழுவையே கெடுக்க அது போதும்.

முதலில் சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று பாருங்கள். வெற்றுச் சுவரைப் பார்த்து, குறுக்குக்கோடு பளிச்சென்று தெரியும்வரை ஐபீஸை (கண் பக்கத்து லென்ஸை) திருப்புங்கள். இதைத் தவறவிட்டால், இலக்கு தெளிவாகத் தெரிந்தாலும் பாராலாக்ஸ் மிச்சமிருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். பிறகு ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் இருத்தி, அதைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமுமாக அசையுங்கள். கோடு இலக்கின்மேல் நகர்ந்தால் பாராலாக்ஸைச் சரிசெய்யும் பக்கக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். நகர்வு நிற்கும் இடமே சரி. குமிழில் அச்சிட்ட தூரத்தை நம்பவே வேண்டாம், அது தோராயம்தான். குமிழில் தளர்வு இருக்கும். எப்போதும் முடிவிலி (∞) முனையிலிருந்து ஒரே திசையில் வாருங்கள்.

கானல் அலை ஆடும் நண்பகலில் இது சரிவராது. காலையில் செய்து, குமிழில் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.