எலும்புக்கு மாத்திரையும் பயிற்சியும்: சேர்த்துச் செய்யும் முறை

டெல்லி ஆர்.கே.புரத்தில் எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் கால்சியம் மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். கனம் தூக்கிப் பயிற்சி செய்பவர்களோ மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு எனக்காக நான் அமைத்துக்கொண்ட முறை இது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

முதல் படி: சாப்பாட்டைக் கணக்கிடுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 240 மி.கி. கிடைக்கும், 50 கிராம் கேழ்வரகு மாவில் 170 வரை. தயிர், எள், கீரை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். குறைவதை மட்டும் மாத்திரையில் எடுத்தால் போதும்.

இரண்டாம் படி: மாத்திரை அட்டையைப் படியுங்கள்

என்னை அதிகம் குழப்பியது இதுதான். ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்று இருந்தால் உடலுக்குக் கிடைக்கக்கூடிய கால்சியம் அதில் 500 மி.கி. மட்டுமே. கால்சியம் சிட்ரேட் என்றால் 1000 மி.கி.யில் சுமார் 210தான். ஒரே வேளையில் 500 மி.கி. கால்சியத்துக்கு மேல் போட்டால் உடல் ஏற்கும் விகிதம் குறைகிறது. அதிகம் தேவைப்பட்டால் இரு வேளையாகப் பிரியுங்கள்.

கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சிட்ரேட்டே பொருந்தும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆகவே எனக்கு விடியற்காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம். இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்க்காதீர்கள்.

வைட்டமின் டி தனிக் கதை. 60,000 யூனிட் மாத்திரையை மருத்துவர்கள் பெரும்பாலும் வாரம் ஒன்று என்றே எழுதுவார்கள். அதைத் தினமும் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி ஆபத்தாகும். டெல்லிக் குளிர்காலத்தில் வெயில் சாய்வாக விழுகிறது, புகைமூட்டம் வேறு. கண்ணாடி போட்ட பால்கனியில் உட்கார்ந்தால் குளிர் விடும், வைட்டமின் டி கிடைக்காது. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

சாக்லேட் பொடிகளும் மிட்டாய் வடிவ மாத்திரைகளும் எனக்குப் பிடிக்காது. சர்க்கரைக்கு எதற்குக் காசு?

மூன்றாம் படி: எலும்புக்குச் சுமை கொடுங்கள்

நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை. எலும்பின் மீது அவை ஏற்றும் சுமை குறைவு. வேகநடை, படியேற்றம், கனம் தூக்குதல் மூன்றும் வேண்டும். எங்கள் பகுதி முருகன் கோயிலான மலை மந்திரின் படிகள் இதற்கு நல்ல இடம். காற்று மோசமான நாளில் அடுக்குமாடிப் படிக்கட்டு போதும்.

வாரம் இரண்டு மூன்று நாள்: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல். பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் கனத்தைக் கூட்டுங்கள். ரப்பர் பட்டையைவிட டம்பெல் எனக்கு உகந்தது, கனம் எவ்வளவு என்று தெரியும். அதுவும் இல்லையென்றால் முதுகுப்பையில் ஐந்து கிலோ ஆட்டா பாக்கெட்.

பின்சேர்க்கை: யோகா போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளவயது ஆரோக்கிய எலும்போடு ஒப்பிடும் எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம் போல முதுகை வளைத்து முன்குனிபவற்றைத் தவிருங்கள். முதுகெலும்பு நசுங்கி முறியலாம். ஒற்றைக்காலில் நிற்பது, பிடிமானத்தோடு, மிக நல்லது.

இன்னொன்று: கார்பனேட்டால் மலச்சிக்கல் வந்தால் சிட்ரேட்டுக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று மாதத்தில் மறு ஸ்கேன் எடுத்து மனம் உடைய வேண்டாம். எலும்பு மெதுவாகவே மாறும்; ஓரிரு ஆண்டு கழித்து, முன்பு எடுத்த அதே இயந்திரத்தில் எடுங்கள். இயந்திரம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.