குழந்தையின் மூச்சை எண்ணுவது எப்படி?

உடம்பு சுட்டால் உடனே தெர்மாமீட்டரைத் தேடுகிறோம், ஆனால் சளியும் இருமலுமாகக் கிடக்கும் குழந்தை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். நொடி காட்டும் கடிகாரம் ஒன்று போதும்.

முதலில் குழந்தை அமைதியாக இருக்க வேண்டும், தூங்கினால் இன்னும் நல்லது. அழுது முடித்ததும், பால் குடிக்கும்போதும், ஓடி விளையாடிவிட்டு வந்ததும் எண்ணினால் கணக்கு மாறித்தான் காட்டும். காய்ச்சலிலும் கொஞ்சம் ஏறும்.

அடுத்து, சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள், ஏனென்றால் கைக்குழந்தைகள் பெரும்பாலும் வயிற்றால்தான் மூச்சு விடும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று.

இப்போது முழுசாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி இங்கே வேண்டாம். பிறந்த குழந்தை கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விடும், அப்புறம் சில நொடி நிறுத்தும், மறுபடி தொடங்கும், அது இயல்புதான், ஆனால் நீங்கள் எந்த 15 நொடியைப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை தாறுமாறாக மாறிவிடும்.

சரி, எவ்வளவு இருக்கலாம்? பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரை. நுரையீரல் சின்னது, ஒரு மூச்சில் போகும் காற்று கொஞ்சம், அதனால்தான் இத்தனை வேகம். வளர வளரக் குறைந்துகொண்டே வரும், பள்ளிக்குப் போகும் வயதில் ஏறக்குறைய 18 முதல் 25, பெரியவர்களுக்கு 12 முதல் 20. (பெரியவர்களுக்கு எண்ணும்போது சொல்லாதீர்கள், தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள்.)

இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையை மனப்பாடமே செய்துகொள்ளலாம்: 2 மாதத்துக்குள் என்றால் 60, 2 மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50, அதன்பின் 5 வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். 2 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள், மறுபடியும் அப்படியே வந்தால் காத்திருக்க வேண்டாம்.

எண் சரியாக இருந்தாலும் மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், மூக்கு விடைத்தால், முனகல் கேட்டால், பால் குடிக்க முடியாமல் போனால், உதடு நீலம் பூத்தால், மூச்சு 20 நொடி நின்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108.

எண்ணியதை எழுதி வையுங்கள். "ரொம்ப மூச்சு வாங்குது டாக்டர்" என்பதோடு "காலை 6 மணிக்கு, தூக்கத்தில், காய்ச்சல் இல்லாதபோது 54" என்றும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு அது பெரிய உதவி.