சோஷியல் செக்யூரிட்டி 2.8% ஏறியது, கைக்கு எவ்வளவு வரும்?

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் வாங்குவோருக்கு ஆண்டுதோறும் வரும் விலைவாசி உயர்வுக்குச் சுருக்கமாக ‘கோலா’ என்று பெயர். 2026-க்கு அது 2.8%. வங்கியில் விழும் தொகையோடு இந்த 2.8%-ஐக் கூட்டிப் பார்ப்பவர்கள்தான் ஜனவரியில் ‘ஏன் குறைகிறது?’ என்று கேட்கிறார்கள். உயர்வு மொத்தத் தொகைக்கு. வங்கிக்கு வருவதோ பிடித்தம் போக மீதி.

அதனால் முதலில் மொத்தத் தொகையைத் தேடுங்கள். ‘மை சோஷியல் செக்யூரிட்டி’ என்ற ஆன்லைன் கணக்கின் மெசேஜ் சென்டரில் நவம்பர் கடைசியிலும், தபாலில் டிசம்பரிலும் வரும் கடிதத்தில் மொத்தம், மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம், வரிப் பிடித்தம், கைக்கு வருவது எல்லாம் தனித்தனியே இருக்கும்.

2025-இல் மாதத்துக்கு மொத்தம் 1,800 டாலர் என்று வையுங்கள். மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம் 185 போக 1,615 வந்திருக்கும். 2026-இல் மொத்தம் 1,850.40. பார்ட் பி 202.90 ஆகிவிட்டது. மீதி 1,647.50, சில்லறையை வெட்டிவிடுவார்கள், 1,647. ஏறியது 50.40, கைக்கு வந்தது 32. மருந்துக்கான பார்ட் டி பிரீமியத்தையும் இதிலேயே பிடிக்கச் சொல்லியிருந்தால் இன்னும் குறையும்.

மொத்தத் தொகை சுமார் 640 டாலருக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2.8% உயர்வு, பார்ட் பி ஏறிய 17.90-ஐ எட்டாது. அவர்களுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு: பார்ட் பி ஏறியதால் மட்டும் கைக்கு வரும் தொகை போன ஆண்டைவிடக் குறையக் கூடாது. மெடிகேரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், வருமானம் அதிகம் என்று கூடுதல் பிரீமியம் கட்டுபவர்களுக்கும் இது பொருந்தாது.

அந்தக் கூடுதல் பிரீமியத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 2026 பிரீமியத்துக்கு 2024 வருமான வரிக் கணக்கைப் பார்ப்பார்கள். தனிநபர் 109,000, கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதி 218,000 டாலரை ஒரு டாலர் தாண்டினாலும் பார்ட் பி ஆளுக்கு 284.10. வேலையை விட்டதாலோ துணை இறந்ததாலோ வருமானம் குறைந்திருந்தால் எஸ்எஸ்ஏ-44 படிவத்தை ஆதாரத்தோடு கொடுங்கள், குறைப்பார்கள். நிலம் விற்ற லாபம், ஓய்வுக்காலச் சேமிப்பை ராத் கணக்குக்கு (வரி கட்டிய பணத்தைப் போடும் கணக்கு) மாற்றியது போன்றவற்றால் ஒரே ஆண்டு வருமானம் எகிறியிருந்தால் இந்தப் படிவம் உதவாது. ஓய்வுக்குப் பிறகு பெரிய தொகை எடுக்கும்போது இரண்டு ஆண்டு முன்னோக்கி யோசிக்க வேண்டும்.

அடுத்தது வரி. சோஷியல் செக்யூரிட்டியில் பாதியோடு மற்ற வருமானத்தையும், வரியில்லா வட்டியையும் கூட்டுங்கள். தனிநபருக்கு 25,000, தம்பதிக்கு 32,000 டாலரைத் தாண்டினால் தொகையில் 50% வரை வரிக்கணக்கில் சேரும். 34,000, 44,000-ஐத் தாண்டினால் 85% வரை. இந்த வரம்புகள் 1983, 1993 சட்டங்களில் போட்டவை, விலைவாசிக்கேற்ப ஏற்றியதே இல்லை. கோலா ஏற ஏற ஆட்கள் தானாக உள்ளே விழுகிறார்கள், இது அநியாயம்தான். மாதாமாதம் பிடிக்கச் சொல்ல டபிள்யூ-4வி படிவம்; 7, 10, 12, 22% என நான்கே விகிதம்தான், இடைப்பட்டது கிடையாது.

‘62 வயதில் சோஷியல் செக்யூரிட்டி வாங்காவிட்டால் இடையில் வரும் கோலா போய்விடும்’ என்பது தவறு. 62 வயதிலிருந்தே, வாங்கினாலும் வாங்காவிட்டாலும், உங்கள் கணக்கில் அது ஏறிக்கொண்டேயிருக்கும். 1960-லும் அதன்பிறகும் பிறந்தவர்களுக்கு குறைப்பில்லாமல் முழுத் தொகை வாங்கும் வயது 67. அதற்குப் பிறகு 70 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 8% தனியாகச் சேரும்.

கோலா சதவீதம் எப்படி வருகிறது? ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சராசரி சிபிஐ-டபிள்யூ விலைவாசிக் குறியீட்டை, கோலா கிடைத்த கடைசி ஆண்டின் அதே மூன்று மாதச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். அது சம்பளக்காரர் செலவை அளக்கும் குறியீடு. முதியவர்களின் மருத்துவச் செலவுக்கு அதில் எடை குறைவு. குறியீடு இறங்கினாலும் தொகை இறங்காது. 2010, 2011, 2016-இல் உயர்வு பூஜ்யம், 2023-இல் 8.7%.

ஃபெடரல் ஊழியர்களின் ஃபெர்ஸ் பென்ஷனுக்குக் கணக்கு வேறு: விலைவாசி 2-இலிருந்து 3% வரை ஏறினால் 2% மட்டும், அதற்கு மேல் போனால் ஒரு புள்ளி குறைத்து. தனியார் பென்ஷன்களில் பெரும்பாலும் கோலாவே இல்லை. திட்ட ஆவணத்தைப் பாருங்கள்.

கோலாவுக்கு விண்ணப்பம் என்று ஒன்று கிடையாது, தானாக ஏறும். ‘உயர்வைச் செயல்படுத்த விவரம் தாருங்கள்’ என்று போனோ எஸ்எம்எஸ்ஸோ வந்தால் பதில் சொல்லாமல் துண்டித்துவிடுங்கள்.