டெபியன் 10-க்கு மாறியதும் போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ் கெட்ட கதை: என் அனுபவம்

சர்வரின் லினக்ஸ் இயங்குதளமான டெபியனை 9-லிருந்து 10-க்கு மேம்படுத்திய மறுநாள், பழைய வாடிக்கையாளர் ஒருவரால் உள்நுழைய முடியவில்லை. எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸில் அவர் மின்னஞ்சலை வைத்துத் தேடினால் ஒன்றும் வரவில்லை. இண்டெக்ஸைப் (தேடலை வேகமாக்கும் அடுக்கிய பட்டியல்) பயன்படுத்தாமல் டேபிளை முழுக்கப் படிக்க வைத்தால் பதிவு பத்திரமாக இருந்தது. அதைவிட மோசம், ஒரு தடவைதான் வர வேண்டிய மின்னஞ்சல்கள் சில இரண்டு தடவை பதிவாகியிருந்தன.

டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்து அரைநாள் அதிலேயே கழிந்தது. காரணம் வேறு. டெபியன் 10-இல் வரும் ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்), எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை மாற்றியிருந்தது. போஸ்ட்கிரெஸ் அந்த விதிகளை நம்பித்தான் எழுத்துப் பத்திகளின் (டேபிளில் எழுத்துகள் உள்ள நெடுவரிசைகளின்) இண்டெக்ஸை அடுக்குகிறது. பழைய வரிசையில் அடுக்கியதைப் புது வரிசைப்படி தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஏற்கனவே இருந்த மின்னஞ்சல் கண்ணில் படாததால்தான் அதே மின்னஞ்சல் மறுபடி பதிவானது. எண் பத்திகளுக்கும் 'சி' கொலேஷனில் (பைட் மதிப்பை மட்டும் பார்த்து அடுக்கும் வரிசை விதி) இருந்தவற்றுக்கும் பாதிப்பில்லை.

சரி, செயலியை நிறுத்தி முதலில் பேக்கப் எடுத்தேன். இண்டெக்ஸைச் சோதிக்கும் போஸ்ட்கிரெஸ் நீட்சியான ஆம்செக்கை ஓட்டி எந்தெந்த இண்டெக்ஸ் கெட்டது என்று பார்த்தேன். பிறகு கெட்ட இண்டெக்ஸ் வழியாகத் தேடாதபடி இண்டெக்ஸ், பிட்மேப் ஸ்கேன்களை அணைத்துவிட்டு இரட்டைப் பதிவுகளைத் தேடி, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து இணைத்தேன். இதைச் செய்யாவிட்டால் ஒரே மதிப்பை இரண்டு தடவை அனுமதிக்காத யுனீக் இண்டெக்ஸில் ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் கட்டளை) பிழை காட்டி நின்றுவிடும். அப்புறம் எழுத்துப் பத்தி இண்டெக்ஸ்கள் அனைத்தையும் ரீஇண்டெக்ஸ் செய்தேன். மறுபடி ஆம்செக் ஓட்டியபோது ஒரு பிழையும் இல்லை. அந்த வாடிக்கையாளரை அழைத்துச் சொன்னேன், உடனே உள்நுழைந்துவிட்டார்.