டைமிங் பெல்ட் மாற்றிய பின் எஞ்சினில் சத்தமா? எங்கிருந்து தேடுவது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் கொழும்பில் பழைய கொரோலா 110, லான்சர், சிவிக் வைத்திருந்தவர்கள் அவற்றையே பேணி ஓட்ட வேண்டியிருந்தது. கராஜ் கூலியைப் பார்த்து வீட்டு வாசலிலேயே டைமிங் பெல்ட் (எஞ்சினின் கிராங் தண்டையும், வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டையும் இணைக்கிற பல் பெல்ட்) மாற்றத் துணிந்தவர்களும் உண்டு. வேலை முடித்து எல்லாம் பூட்டி ஸ்டார்ட் பண்ணினால், முன்பு இல்லாத ஒரு சத்தம். இந்தப் பதிவு அவர்களுக்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட சத்தத்துக்குப் பெரும்பாலும் புதுப் பெல்ட் காரணமாக இருப்பதில்லை. பெல்ட்டை எட்டுவதற்காகக் கழற்றிய சாமான்களில் ஏதோ ஒன்று சரியாகப் பூட்டப்படாமல் இருக்கும். அதனால் எடுத்த எடுப்பில் டைமிங் கவரைக் கழற்ற வேண்டாம்.

முதல் படி: எஞ்சினை ஓட விடலாமா?

இரும்பில் இரும்பு அடிக்கிற மாதிரி "டக் டக்" சத்தம், கூடவே எஞ்சின் குலுங்குகிறது, இழுவை இல்லை என்றால் உடனே சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். "கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பார்ப்போம்" என்ற பேச்சே வேண்டாம். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்திருக்கலாம். கேம் சக்கரத்தில் 40 பல் இருந்தால் ஒரு பல் என்பது 9 பாகை. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போதுதான் கேம் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதால், கிராங் கணக்கில் அது 18 பாகை. டீசல் எஞ்சின்களிலும் பல பெட்ரோல் எஞ்சின்களிலும் டைமிங் போதிய அளவு தவறினால் வால்வு பிஸ்டனில் மோதும். புதிய வாகனம் என்றால் ஸ்கேனரில் பி 0016 என்ற குறியீடு வருகிறதா என்றும் பாருங்கள். கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்கான குறியீடு அது.

சத்தம் கீச்சிடுகிறது, உறுமுகிறது, உரசுகிறது, ஆனால் எஞ்சின் சீராக ஓடுகிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: வெளிப் பெல்ட்களைக் கழற்றுங்கள்

ஆல்டர்னேட்டர், ஏசி, பவர் ஸ்டியரிங் பெல்ட்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். சத்தம் போய்விட்டதா? அப்படியானால் டைமிங் பக்கம் பார்க்கவே தேவையில்லை. ஒவ்வொரு பெல்ட்டாகத் திரும்பப் போட்டு எதில் சத்தம் வருகிறது என்று பிடித்துவிடலாம். கீச்சென்று கத்தினால் பெல்ட் தளர்வு, அல்லது வேலை செய்யும்போது ஒயிலோ கூலண்டோ பட்டிருக்கிறது. இறுக்கமாக இழுத்துப் பூட்டினால் ஆல்டர்னேட்டர் பியரிங் ஊளையிடும்.

ஒரு எச்சரிக்கை: கொரோலா 110 போன்ற சில வாகனங்களில் வாட்டர் பம்ப் இந்த வெளிப் பெல்ட்டில்தான் ஓடுகிறது. பெல்ட் இல்லாமல் அரை நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓட விடாதீர்கள்.

இன்னொன்று, சாரம் கட்டிக்கொண்டு ஓடுகிற எஞ்சினுக்குள் குனியாதீர்கள். காற்சட்டை போடுங்கள், கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையையும் கழற்றி வையுங்கள்.

மூன்றாம் படி: காது கொடுத்துக் கேளுங்கள்

கழற்றிய பெல்ட்களைத் திரும்பப் போட்டு எஞ்சினை ஓட விடுங்கள். நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியைச் சுழலாத பாகத்தில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துங்கள். டைமிங் கவர், ஆல்டர்னேட்டர் உடல், வாட்டர் பம்ப் உடல் என்று ஒவ்வொன்றாக நகருங்கள். சத்தம் எங்கே பலமாக வருகிறதோ அங்கேதான் குற்றவாளி.

ஓரளவு இப்படிப் பிரிக்கலாம். வேகம் கூடக் கூட ஏறுகிற மெல்லிய ஊளை என்றால் டைமிங் பெல்ட் அதிக இறுக்கம். ஆக்ஸிலேட்டரை விடும்போது கவருக்குள் படபடப்பு என்றால் தளர்வு. தொடர்ச்சியான உறுமல் என்றால் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கும் உருளை) அல்லது ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) பியரிங். காய்ந்த உரசல் என்றால் கவர் சரியாக உட்காரவில்லை. கவர் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளமில்லை, இடம் மாறினால் இது நடக்கும்.

ஸ்டார்ட் பண்ணியதும் சில விநாடி கடகடத்துவிட்டு அடங்கினால், ஹைட்ராலிக் டென்ஷனர் உள்ள எஞ்சினில் பொறுத்துப் பார்க்கலாம். அடங்காவிட்டால், பூட்டும்போது டென்ஷனரை அமுக்கி வைக்கக் குத்திய ஊசியை எடுத்தீர்களா என்று யோசியுங்கள்.

நான்காம் படி: கிராங் புல்லியும் மவுண்டும்

நிதானமான வேகத்தில் அடியில் "தட் தட்" என்றால் கிராங் புல்லி போல்ட்டைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திக் கையால் புல்லியை ஆட்டினால் அசையக் கூடாது. இந்தப் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீற்றருக்கு மேல் இறுக்கம் வேண்டும். ஸ்பெனரில் தொங்கி ஊகிப்பதை விட டோர்க் ரென்ச் ஒன்றை இரவல் வாங்கி, உங்கள் எஞ்சினின் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். தளர்வாக ஓடினால் புல்லியைத் தண்டோடு பிடித்திருக்கும் கீ என்ற சிறு இரும்புத் துண்டும் அதன் காடியும் தேய்ந்து, செலவு பெரிதாகிவிடும்.

கியர் போடும்போது மட்டும் "டொக்" என்றால் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்ட். பெல்ட் மாற்ற அந்தப் பக்க மவுண்ட்டைக் கழற்றியிருப்பீர்கள், அதன் போல்ட்களை மறுபடி இறுக்குங்கள்.

ஐந்தாம் படி: இனிக் கவரைத் திறக்கலாம்

எஞ்சின் ஆறியதும் பெட்டரியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டுக் கவரைத் திறங்கள். உள்பக்கத்தில் புதுக் கறுப்புத் தூளோ பளபளப்பான கோடோ இருந்தால் பெல்ட் அங்கேதான் உரசுகிறது. கிராங் சக்கரத்துக்கு முன்னால் வருகிற வளையத் தட்டைத் தலைகீழாகப் போட்டாலும் பெல்ட்டின் ஓரம் தேயும். கொரோலா 110 பெட்ரோல் எஞ்சினில் அதன் குழிந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும்.

கிராங்கை எஞ்சின் சுழல்கிற திசையில் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பல சிவிக்குகளில் அந்தத் திசை கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம், மேனுவலைப் பாருங்கள். வழியில் தட்டுப்பட்டால் நிறுத்துங்கள், பலம் போடாதீர்கள். இரண்டு சுற்று முடிந்ததும் கிராங், கேம் சக்கரங்களில் உள்ள எல்லா டைமிங் குறிகளும் மறுபடி நேரே வர வேண்டும். வராவிட்டால் பெல்ட்டைக் கழற்றித் திரும்பப் போடுவதுதான் ஒரே வழி.

குறி சரி, சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் டென்ஷனரை மேனுவல் சொல்கிற முறையில் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். ஸ்பிரிங் வகை என்றால் இறுக்கத்தை ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளட்டும், இரும்புக் கம்பியால் நெம்ப வேண்டாம். பெல்ட் கழன்ற நிலையில் டென்ஷனரையும் ஐட்லரையும் விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலும், கிரீஸ் இல்லாமல் நிற்காமல் சுழன்றாலும் மாற்றிவிடுங்கள்.

உதிரிப்பாகம் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய பெல்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பல் எண்ணிக்கை, அகலம், பல்லின் வடிவம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வளைவான பல்லுக்குப் பதில் சரிவக வடிவப் பல் வந்தால் ஊளைச் சத்தம் நிச்சயம். பியரிங்கை ரீகண்டிஷனில் வாங்குவது வீண்செலவு என்பது என் எண்ணம்.

குறிகள் சரியாக இருந்தும் டக் டக் சத்தம் நிற்கவில்லையா? வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், கட்டியிழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோய் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்களின் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவாகக் காட்டினால் வால்வு வளைந்திருக்க இடமுண்டு. அதற்கு ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.